பட்டை வளையம்

நாகலூர்ச் சரிவு, மூன்றாம் பிளாக்.
நிழல் அதிகம் என்று
ஒரு சில்வர் ஓக்கைக் குறித்தார்கள்.
வெட்டிச் சாய்த்தால் காப்பிச் செடி நசுங்கும்.
அதனால் தை மாதம் சடையப்பன்
இடுப்புயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு
சுற்றிலும் பட்டையை உரித்தான்.
உள்ளே மரம்
கட்டு அவிழ்த்த கைபோல்
வெளுத்து ஈரமாயிருந்தது.

பங்குனி போயிற்று, வைகாசியும்.
ஓர் இலை வாடவில்லை.
சரியாக உரித்தாயா என்று கேட்டேன்.
"தண்ணி உள்மரத்துல ஏறுது,
அது பாட்டுக்கு ஏறும்.
சோறுதான் பட்டை வழியா இறங்கணும்."

வளையத்தின் மேல்விளிம்பு
உதடுபோல் தடித்தது.
இறங்க வழியில்லாமல்
அங்கேயே நின்ற இனிப்பு.

கீழே வேர்
தனக்கு ஒரு வாய் இல்லாமல்
சொட்டுக் குறையாமல்
மேலே அனுப்பிக்கொண்டிருந்தது,
அறுபதடி உயரத்துக்கு.
எத்தனை நாளைக்கு என்று
இலைக்கு யார் சொல்வது?

ஐப்பசியில்
சேர்வராயன் மலை முழுக்க
ஊறிக் கிடந்தபோது
காய்ந்தது.

"மழையிலா காயும்?" என்றான்
விறகெடுக்க வந்த
சேலத்து லாரிக்காரன்.

பதிவேட்டில்
ஒரு மரம், அரைநாள் கூலி.
தேதிக் கட்டத்தில்
பேனாவை வைத்தபடி இருந்தேன்.
உரித்த நாளா,
உதிர்ந்த நாளா,
கடைசி வேர்நுனி கைவிட்ட
அந்த எனக்குத் தெரியாத நாளா.