ஆளுயரப் படம்

சுற்றுலா இலாகா வேன்
புக்கிட் செராயா ஆலை வாசலுக்கே வந்தது.
ஒரு மலாய்க்காரி, ஒரு சீனத்தி, ஒரு தமிழச்சி,
வெயில் ஏறுவதற்குள் வேண்டுமாம்.

ரொஸ்னானி, சியூ லான், நான்:
ஒரே ஷிப்ட், ஒரே எண்ணெய்க்கறைச் சட்டை.
"யார் என்ன இனம்னு தெரியலையே" என்றான் படக்காரன்.
எனக்கு வாடகைப் பட்டு,
பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக.

பின்னால் துருப்பிடித்த முள்வேலித் தூண்.
அவசரகாலத்தில் சியூ லான் வீட்டாரை
உள்ளே வைத்துப் பூட்டிய வேலி.
வாழைக்கன்று நட்டு மறைத்தார்கள்.
சிரிக்கச் சொன்னதும் அவள் என் விலாவில் கிள்ளினாள்;
படத்தில் என் வாய் கோணியிருப்பது அதனால்தான்.

குடியுரிமை மனு, ஐந்தாம் தடவை.
சிவப்பு அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் குமாஸ்தா.
அவர் தலைக்கு மேலே, ஆளுயரத்தில்,
கைகூப்பி, வாய் கோணி,
வருகிறவர்களை எல்லாம்
வரவேற்கிறேன் நான்.