பெயர் கேட்கும் பெட்டி

கல்முனை பஸார், போன் கடைக்கு மேல்மாடி.
காலை ஏழே முக்காலுக்கு யோகநாயகி அக்கா:
"நஸ்மி தம்பி, பேர் இருக்கிற இடத்தில பேரில்ல.
வெள்ளையா ஒரு வரி. மறுகா பார்த்தா
நான் சேர்க்காத ஆள் ஒண்டு
எனக்குச் சரிசமமா உள்ளுக்க இருக்கு."

இரத்தம் கொடுப்போரின் பதிவேடு அது.
களுவாஞ்சிக்குடி தொட்டு அக்கரைப்பற்று மட்டும்
ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர்.
படிவத்துக்கு நான் போட்ட சொருகி இலவசம்.
நான்கு வருடமாய்ப் புதுப்பிக்கவில்லை.
இங்கே எழுதுகிறேன். அக்காவிடம்
"வெளியில ஆரோ" என்றுதான் தொடங்கினேன்.

ஆரோதான். ஆனால் எதையும் உடைக்கவில்லை.
உன் பெயர் என்ன என்று பெட்டி கேட்டது.
கோண அடைப்புக்குள் பதினொரு சொல் எழுதினான்,
அத்தனையும் கட்டளை.
எட்டு நாள் கிடந்தது அது,
ஓ பொசிற்றிவ் என்ற வகையோடு,
மருதமுனை என்ற ஊரோடு.
அக்கா பட்டியலைத் திறந்ததும்
வாசிக்கக் கிடந்தது
நடக்கத் தொடங்கியது,
அவள் சாவியால்,
அவள் தேநீர் ஆறுமுன்.

பெயரைக் கேட்டுவிட்டு நம்பாத சாவடிகளில்
வரிசையில் நின்று வளர்ந்தவன் நான்.
கேட்டதும் நம்பும் ஒன்றை
எப்படி வாசலில் வைத்தேன்?

ஆத்திரத்தில் ஒற்றை வரி எழுதினேன்:
எழுத்தைத் தவிர எதையும் விடாதே.
பழைய பெயர்களிலும் ஓடவிட்டேன்.
அந்த வரிக்குத் தமிழ் தெரியாது.
கொம்பு, கால், விசிறி, புள்ளி
எல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளியது.
கல்முனை கலமன ஆயிற்று.
சித்தி ஜெஸீமா, சதத ஜஸம.
கள்வன் ஒரு பெயரைத்தான் எழுதாமல் விட்டான்.
மற்றதெல்லாம் நான்.

பேக்கப் சித்திரையோடு நின்றிருந்தது.
பிறகு சேர்ந்தவர் நாற்பத்து மூன்று.
பின்னேரம் முழுக்க அக்கா போன் எடுத்தாள்:
"உங்கட பேர என்னெண்டு எழுதிற?
மெதுவாச் சொல்லுங்க.
ரெண்டு சுழியா, மூண்டு சுழியா?"
மருதமுனை என்றிருந்த எண்ணுக்கும் எடுத்தாள்.
பாவனையில் இல்லை.
அந்த வரிக்கு எதிரே
"பேர் சொல்லயில்ல" என்று தட்டினாள்.

இரவு, செய்ய வேண்டியிருந்ததைச் செய்தேன்:
யாரும் எதையும் எழுதட்டும்,
காட்டும்போது வெறும் எழுத்தாய்க் காட்டு.
இப்போது அந்தப் பதினொரு சொல்லும்
அடைப்போடு வெளியே தெரிகிறது,
ஜெஸீமாவுக்குக் கீழே, ஒரு நீளமான பெயர்போல.
அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்தாள்.
ஒன்றும் நடக்கவில்லை.