கயிறு இழுத்தவன்

ஆனி மழை. குன்னூரில் சுவரெல்லாம் வியர்க்கிறது,
ஈரமானி தொண்ணூற்றொன்றில் நிற்கிறது.
முடி உலர்த்தியால் மேசையைச் சூடாக்கி
அந்தத் துண்டை விரிக்கிறேன்.
உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிது. பட்டு.

பங்களா ஏலத்தில் எடுத்த பெட்டிக்குள்
கடிகாரத்தைச் சுற்றி வந்ததாம்.
போஜன் இரண்டு வாரம் இதில்
ரேடியோ துடைத்திருக்கிறார்.

பாவு உள்ளே பதுங்கிக்கொள்ள
ஊடையே வண்ணம் காட்டும் நெசவு.
சமர்கந்துப் பக்கமாய் இருக்கலாம்,
ஆயிரத்து இருநூறு வருடம் ஆகியிருக்கலாம்.
இரண்டு ‘லாம்’களையும் பென்சிலில் எழுதுகிறேன்.

முத்துவட்டத்துக்குள் எதிரெதிரே இரண்டு வாத்துகள்,
கழுத்தில் நாடா பறக்க.
லென்ஸை இறக்கினால்
இரண்டுக்கும் கண் இல்லை.

பூச்சி அரிக்கவில்லை. நூல் அறவில்லை.
தறியோரம் நின்று கயிறு இழுத்த பையன்
அந்த ஓர் இழுப்பில் அயர்ந்துவிட்டான்.
ஒரே கயிறுதான் இரண்டு பறவைக்கும்.
மேல் வட்டத்தில் பாதிதான் மிச்சம்;
அங்கே ஒரு கண்
திடுக்கிட்டுத் திறந்திருக்கிறது.

போஜனுக்குப் போன் செய்து சொன்னேன்.
எத்தனை பவுன் பெறும் என்றுதான் கேட்பார் என நினைத்தேன்.
கேட்டார்.
பிறகு, கொழுந்து எடை போடும் இரைச்சலுக்கு நடுவே,
“அந்தப் பையனுக்கு
அடி விழுந்திருக்குமா?”