விளிம்புப் பந்து

மாங்குளம் சந்திக்கு வடக்கே, தார்ப் பீப்பாக்களுக்குப் பின்னால்
கொள்கலன் அறை.
இரவு மின்பிறப்பாக்கி நிற்கும்வரை
ஃபாங்கிற்கு இங்கிலிஷ் சொல்லிக் கொடுக்கிறேன்,
றோட்டுக் கம்பனியின் ரைம்கீப்பர் நான்.
எனக்கும் அது அயல்வீட்டுப் பாசை.

'பந்து இனி உங்கள் பக்கம்'
என்று கொழும்பிலிருந்து ஆலோசகர் எழுதியிருந்தார்.
ஃபாங் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார்,
பந்து பின்பக்கம் ஒட்டியிருக்குமோ என்பதுபோல.
பதில் எழுதவேண்டியது நீங்கள், அவ்வளவுதான் என்றேன்.
'அப்படியே சொன்னால் என்ன?'
தெரியாது, ஃபாங்.
உலகத்தை ஆண்டவர்களுக்குப் பின்னேரங்களில்
வேலை இருக்கவில்லைப்போல.

'கோல் கம்பத்தை நகர்த்துகிறார்கள்' மட்டும்
உடனே விளங்கிவிட்டது.
மூன்றுமுறை மாறிய முடிவுத் திகதியை
விரலால் தட்டிக் காட்டினார்.

துவாய் எறிவதுதான் சிக்கல்.
தோற்றேன் என்று பொருள் சொன்னேன்.
சொன்னவள், வவுனியா பஸ்ஸின் யன்னலால்
துவாயை எறிந்து பழகியவள்.
எங்களிடம் எறிந்தால் இடம் பிடித்தாயிற்று.
இரண்டையும் எழுதிக்கொண்டார், இரண்டு நிற மையில்.

பிறகு, மேடுபள்ளமில்லாத மைதானம்.
(மட்டமான மைதானம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
கூடாத மைதானம் ஆகிப்போனது.)
எல்லாருக்கும் ஒரே நியாயம் என்று நான் முடிக்க முன்னம்
அவர் தலையாட்டிவிட்டார். அளவையாளர்.
மறுநாள் முக்காலியோடு
பள்ளிக்கூட விளையாட்டிடத்தில் நின்றார்.
கரப்பந்து ஆடிய பெடியள் விலகிக் கொடுத்தார்கள்.
குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினார், குறித்தார்,
வடகிழக்கு மூலை பதினேழு சென்ரிமீற்றர் தாழ்வு என்றார்
காய்ச்சல் அளவைச் சொல்கிற குரலில்.

அந்த மூலைக்கு அப்பால் மஞ்சள் நாடா,
சிவப்புத் தகட்டில் மண்டையோடு.
உருளுகிற பந்தெல்லாம் அங்கேதான் போய் நிற்கும்.
ஐந்து கிடக்கின்றன. ஒன்று வெயிலில் வெளிறிவிட்டது.
'அது யாருடைய பக்கம்?'
பிழையில்லாத இங்கிலிஷில் கேட்டார்.
வாத்திக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு அவர் ஒன்று சொல்லித் தந்தார்.
மேசைப்பந்தில், பலகையின் விளிம்பை உரசிப் போகிற பந்து.
புள்ளி செல்லும். எதிராளி முறைப்பான்.
சட்டத்தின் ஓரத்தை உரசிச் செய்கிற காரியத்துக்கும்
அவர்களிடம் அதே பெயராம்.

வெள்ளிக்கிழமை கிறவல் லொறி ஒன்று
சந்தியில் திரும்பாமல் பள்ளிக்கூடப் பக்கம் போனது.
பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
சாரதி யசீகரன், பாதையோரப் பராமரிப்பு, இரண்டு மணித்தியாலம்.
கையெழுத்து என்னுடையது.

ஐந்து பந்தும் இன்னும் அங்கேதான்.
ஆறாவது போகவில்லை.