வடக்கு பார்த்த சமையலறை

குப்பையில் கிடந்த வீடியோ டெக்கிலிருந்து
மின்தேக்கி.
தாலிஸின் செத்துப்போன கைபேசியிலிருந்து
அதிர்வு மோட்டார், புளியங்கொட்டை அளவு.
டிராம் பணிமனைக் கணக்கர் தூக்கிப்போட்ட
கால்குலேட்டரின் நெற்றிப்பட்டை:
அதுதான் சூரியத் தகடு.
கால்களுக்குக் காகிதக் கவ்விகள் நாலு.
அதில் ஒன்று அதுவரை
என் மின்கட்டண ரசீதைக் கடித்துக்கொண்டிருந்தது.

பற்றவைக்கும்போது கட்டைவிரல் சுட்டது.
டிரான்சிஸ்டரை இரண்டு முறை
தலைகீழாக வைத்தேன்.
மூன்றாம் முறை
எதுவும் புகையவில்லை,
எதுவும் அசையவுமில்லை.

அப்போதுதான் உறைத்தது,
தௌகாவ்பில்ஸில் என் வீட்டுக்கு
வெயில் வருவதேயில்லை.
வாடகை ஏன் குறைவு என்று கேட்காமல்
பதினோரு வருஷம் குடியிருந்திருக்கிறேன்.

மே மாதம் ஒருநாள், மாலை நாலரை.
எதிர்க்கட்டடத்து நாலாம் மாடியில்
மேசைவிரிப்பை உதற
ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள்.
கண்ணாடி திரும்பிய திரும்பலில்
ஒரு துண்டு வெயில்
தெருவைத் தாண்டி, டிராம் கம்பிகளைத் தாண்டி
என் ரொட்டிப் பலகைமேல் விழுந்தது.

அது சேர்த்தது.
சேர்த்தது.
சம்பளத்துக்கு முந்தைய வாரம் மாதிரி
ஒன்றுமே நடக்காத நாற்பது நொடி.
பிறகு, டிர்க்!
ஒரு விரற்கடை நகர்ந்து
ஓட்டாண்டியாய் நின்றது.
மறுபடி சேர்க்கத் தொடங்கியது.

ஒன்பது நிமிடம், பன்னிரண்டு டிர்க்.
உப்புக் கிண்ணத்தில் போய் முட்டியபோது
அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

ஜூன் முழுக்க
வெயில் விழும் இடம் நகர நகர
மேசையை நகர்த்தினேன், சாண் சாணாக.
இரவு வேலைக்கு மாறிக்கொண்டேன்.
பகலில் தூங்கவா என்று கேட்டான் தாலிஸ்.
ஆமாம் என்றேன்.

அவள் கட்டட வாசலில்
அழைப்புமணிப் பலகையில் பெயர் பார்த்தேன்:
பதினேழு, ஸ்த்ரௌமெ.
விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
என்னவென்று சொல்வது?
நீங்கள் உதறும் துகளில்
நான் ஒரு பூச்சி வளர்க்கிறேன் என்றா?

அக்டோபரில்
ஜன்னல் விளிம்பெல்லாம் காகிதப் பட்டை ஒட்டினாள்,
குளிர் புகாமலிருக்க.
நாக்கில் நனைத்து நனைத்து
ஓரம் ஓரமாக அழுத்தியதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூச்சி மேசைக்கு நட்டநடுவில் நிற்கிறது.
தட்டைச் சற்றுத் தள்ளிவைத்துச் சாப்பிடுகிறேன்.
நல்ல பல்பாகப் பார்த்துக் காட்டினால் ஓடும்
என்கிறான் தாலிஸ்.
ஓடும்தான்.
கவ்வியை இழந்த மின்கட்டண ரசீது
அலமாரிக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது,
இன்னும் கட்டவில்லை.