பதினெட்டாவது கிலோ

பீளமேட்டுக் கல்லூரிப் பட்டறையில்
ஐஸ் குச்சிப் பாலங்கள் இருபத்தாறு.
பசை காயாதது எங்களுடையது.
ஊத்துக்குளி பஸ் போட்ட பிரேக்கில்
இடக்கால் இளகிவிட,
சபரீசன் ஊதிக்கொண்டே இருந்தான்.

எடைக்கல் பத்தவில்லை.
பழைய மோட்டார் மூடிகளை
ஒவ்வொன்றாய்த் தொங்கவிட்டார்கள்.
பதினேழு கிலோ வரை
பாலம் வாய் திறக்கவில்லை.
பதினெட்டில் ஒரு முனகல்;
கனிஷ்கா மட்டும் குனிந்தாள்.
அப்புறம் சடசடவென்று எல்லாம்.

"அடுத்த டீம்" என்றது மைக்.

"இருங்க சார்,
எது மொதல்ல உட்டுச்சுன்னு பாக்கோணுங்."

மண்டியிட்டுச் சிராய்களைப் புரட்டினாள்.
இடக்கால் முழுசாய்க் கிடந்தது.
நாங்கள் யாரும் கவலையேபடாத
நடு மூட்டு,
இரண்டாய்.

அதை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள்.

பரிசு யாருக்கோ.
அவள் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும்
மடியில் பெட்டி
டொக் டொக்கென்றது.