வவுச்சர் இல்லாத பறவை

முப்பத்தொரு வருடமாக
நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம்.
பச்சை மையில் டிக் போடுவது என் வேலை.
ரசீதைக் கண்ணால் பார்க்காமல்
ஒரு டீச் செலவுக்கும் போட்டதில்லை.

வால்பாறையில் போட்டேன்.
மழை சொட்டி ஊறிப்போன தாளில்
வரிசை எண் பதினேழு:
மலை இருவாச்சி.

பன்னிரண்டு பேர் போயிருந்தோம்.
நான்கு நாள், சாப்பாடு உட்பட,
அட்டை ஏறாத காலுறைக்குத் தனிக்காசு.
வழிகாட்டி துரைமுத்து
முந்தின ராத்திரியே சொல்லிவைத்தார்:
"அது வர்றது முதல்ல காதுக்குத்தான் தெரியும்.
ரயில் வர்ற மாதிரி இருக்கும்.
உடனே மேல பாருங்க."

பெரம்பூர் ஆல்பிரட் சார்
முட்டி உறையைத் தளர்த்திக்கொண்டு நிமிர்ந்தார்.
முப்பத்தாறு வருடம் இன்ஜினில் இருந்தவர்.
"எந்த ரயில் தம்பி? டீசலா, கரன்ட்டா, கரியா?"
துரைமுத்து ரயிலில் ஏறியதே இல்லையாம்.
யாரோ சொன்னதைத்தான்
அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மறுநாள் காலை ஆறு இருபது.
சோலைமந்திகள் பலாவை முடித்துவிட்டுப் போயிருந்தன.
என் கழுத்துப்பட்டைக்குள் ஓர் அட்டை
தன் புதுக்கணக்கைத் தொடங்கியிருந்தது.
குனிந்து
மூக்குப்பொடி டப்பாவைத் துழாவுகிறேன்,
அப்போது வந்தது.

ஈரப் போர்வையை
உதறி உதறி ஒருவர்
இலைகளுக்கு மேலே நடந்து போவதுபோல.
உஸ், உஸ், பிறகு ஓர் இடைவெளி,
பிறகு உஸ்.
பதினொரு கழுத்துகள் வடக்கே திரும்பின.
கேமராக்கள் படபடத்தன.
நான் நிமிர்ந்தபோது
ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது.
அது காற்றாகவும் இருக்கலாம்.

"எல்லாரும் பார்த்தாச்சா?"
பிள்ளை பாஸாகிவிட்ட அப்பாவைப் போல
துரைமுத்து சிரித்துக்கொண்டு நின்றார்.
அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
பார்த்தாச்சு என்றேன்.
எவ்வளவு பெரிய மூக்கு என்றுகூடச் சொன்னேன்.

சேரன் எக்ஸ்பிரஸ் எங்களை
சென்ட்ரலில் உதிர்த்துவிட்டு ஐந்து வாரம்.
கழுத்துக் கடி இன்னும் அரிக்கிறது,
குறிப்பாக வேர்க்கும்போது,
அதாவது எப்போதும்.

பரங்கிமலையில் கடற்கரை வண்டிக்கு நிற்கிறேன்.
தண்டவாளம் முனகத் தொடங்கியதும்
பிளாட்பாரம் முழுக்க
பழவந்தாங்கல் பக்கம் எட்டிப் பார்க்கிறது.
நான் மேலே பார்க்கிறேன்.
மெட்ரோ தூண். இறங்கும் விமானத்தின் வயிறு.
கம்பியில் ஓர் அண்டங்காக்கை,
அதற்கும் என்னிடம் ஏதோ கேள்வி இருக்கிறது.
கனகாம்பரக் கூடையோடு நின்றவள்
தானும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இன்னாம்மா, மழை வருதா?"
வரும்போலத்தான் இருக்கு என்றேன்.
இதற்கும் வவுச்சர் இல்லை.

நேற்று ராத்திரி
ஆல்பிரட் சாருக்குப் போன் போட்டு
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி கடகடத்தது.
வெகுநேரம் அது மட்டும்தான்.

"நான் கண்ணை மூடிட்டிருந்தேன், வல்லிம்மா.
கரி இன்ஜின்தான்.
சரக்கு வண்டியை இழுத்துக்கிட்டு ஏத்தம் ஏறுறப்ப
அப்படித்தான் மூச்சு விடும்.
ஃபயர்மேனாச் சேர்ந்த வருஷம் கேட்டது.
சந்தேகமே இல்ல."

அப்போ நீங்களும் டிக்...

"போட்டேனே. ரெண்டு போட்டேன்."

இன்று மதியம், தயிர்சாதம் முடித்த கையோடு,
தாளை அலுவலக மேசையில் விரித்தேன்.
காய்ந்து அப்பளம்போல நெளிந்திருந்தது.
பதினேழுக்கு நேரே பென்சிலால் எழுதினேன்:
காதால் கேட்டது. கண்ணால் காணவில்லை.
சாட்சி, ரயில் ஓட்டுநர் ஒருவர்,
அவரும் காணவில்லை.
கீழே சுருக்கொப்பம், தேதி.

ஆடிட்டர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"இருவாச்சியா? புதுப் பார்ட்டியா இது?
எத்தனை வருஷக் கணக்கு பாக்கி?"

கழுத்தைச் சொறிந்தபடி
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதோ என்று.